டாக்டர் வூ லியன் தே: அபினோடு ஒரு நெடும்போர்

குடியும் போதையும் குடும்பத்தைக் கெடுக்கும் என்று நமக்குச் சொல்லித் தராத ஆசிரியர் இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில் போதைப்பொருளின் தீமைகள் என்ற தலைப்பில் நான் குறைந்தது நான்கு கட்டுரையாவது எழுதியிருப்பேன். உடல் கெடும், பணம் கரையும், மானம் போகும் என்று வரிசையாக எழுதி, இளைஞர்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று முடித்தால் மதிப்பெண் வந்துவிடும். இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது அதே கட்டுரையை மலாய் மொழியில் எழுதினோம். ஆனால் அந்தத் தலைப்பு எந்த மொழியிலும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. போதையால் கெடுபவன் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். போதையால் வாழ்பவன் யார்?

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு பினாங்கில் ஒரு இளம் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதற்காக நீதிமன்றம் ஏறி அபராதமும் கட்டினார். அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

இந்தப் பெயர் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2021 மார்ச் 10ஆம் நாள், அவருடைய 142ஆவது பிறந்தநாளை ஒட்டி கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்திருந்தது. முகக்கவசத்தின் முன்னோடி, மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கியவர், நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் மலாயா மண்ணின் மைந்தர் என்றெல்லாம் அப்போது பேசினோம். அவை எல்லாம் உண்மை. ஆனால் கொள்ளைநோயைக் காண்பதற்கு முன்பே அவர் ஒரு போரில் இறங்கியிருந்தார். அதைப் பற்றித்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன்.

வூ லியன் தே 1879 மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவின் தைசான் பகுதியிலிருந்து வந்த பொற்கொல்லர். தாயார் இந்த மண்ணிலேயே பிறந்தவர். வீட்டில் பதினொரு பிள்ளைகள். பள்ளிப் பதிவில் அவர் பெயர் ஙோ லியன் தக். அது ஹொக்கியன் உச்சரிப்பு; பின்னாளில் சீனாவுக்குப் போனபோது மாண்டரின் உச்சரிப்புப்படி வூ லியன் தே ஆனது. (என் விடுதி அறைத்தோழியிடம் இந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிக் காட்டும்படி கேட்டேன். அவள் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாள். மூன்றும் சரிதானாம்!)

பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்தவர் 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கு மருத்துவம் படித்த முதல் சீனர் அவரே. லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி. பிறகு லிவர்பூல், பாரிசில் பாஸ்டர் நிலையம், ஜெர்மனியில் ஹாலே என்று நுண்ணுயிர் ஆய்வில் அக்காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த கல்வி அத்தனையும் பெற்று 1903இல் ஊர் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டு ஆய்வு செய்தார். அதற்குமேல் அங்கே அவருக்கு இடமில்லை. அரசு மருத்துவத்தில் உயர் பதவிகள் பிரிட்டிஷ்காரர்களுக்கே என்பது அன்றைய விதி. கேம்பிரிட்ஜ் பட்டம் அந்த விதியை மாற்றவில்லை.

ஆகவே அவர் பினாங்கு திரும்பி, ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் சொந்தமாக மருந்தகம் திறந்தார். சூலியா தெரு நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்திராத ஒரு நோய் அந்தத் தெருவில்தான் அவரைத் தேடி வந்தது. வயிற்றுப்போக்கு என்று வருவார்கள், இருமல் என்று வருவார்கள், உடம்பு வலி என்று வருவார்கள். விசாரித்துக்கொண்டே போனால் அடியில் அபின் இருக்கும்.

அபினை நாம் ஏதோ மறைவில் நடந்த திருட்டு வியாபாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இந்தக் கட்டுரைக்காக வாசிக்கத் தொடங்கியபோது என்னை மிகவும் திகைக்க வைத்தது இதுதான். கசகசாச் செடி விளைந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் பீகாரிலும் காசியைச் சுற்றிய வட்டாரங்களிலும். அதன் பாலைப் பதப்படுத்திய தொழிற்சாலைகள் பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்தன. இரண்டும் அரசாங்கத்துக்குச் சொந்தமானவை. பெட்டிக்கு நாற்பது உருண்டையாக அடைத்து, கல்கத்தாவில் ஏலம் விட்டுக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல் சீனாவுக்குப் போகும் வழியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஒரு பகுதியை இறக்கிவிட்டுப் போகும்.

இறங்கிய சரக்கை யார் வேண்டுமானாலும் விற்றுவிட முடியாது. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அந்த வட்டாரத்தில் அபின் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விடும். செல்வாக்கு மிக்க தவுக்கேக்கள் கூட்டுச் சேர்ந்து அந்தக் குத்தகையை எடுப்பார்கள். அவர்கள் பச்சை அபினைத் தண்ணீரில் காய்ச்சி, வடிகட்டி, பாகுபோல இறுக்கிச் சண்டு ஆக்குவார்கள். அந்தச் சண்டைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கடைகளில் விற்பார்கள். குத்தகைதாரர் தம் சொந்தக் காவலாளிகளையும் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து மலிவான அபின் யாராவது கொண்டு வருகிறார்களா என்று சோதிப்பது அந்தக் காவலாளிகளின் வேலை. அபினைத் தடுக்க அல்ல, வேறொருவர் அபினைத் தடுக்க!

வாங்கியவர்கள் யார்? பேராக்கின் ஈய லம்பங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்ணலசிய கூலிகள். பினாங்குத் தெருக்களில் ரிக்‌ஷா இழுத்தவர்கள். மூட்டை சுமந்தவர்கள். அவர்கள் ஆடம்பரத்துக்காக அபின் பிடிக்கத் தொடங்கவில்லை. நாள் முழுக்க உழைத்த உடம்பு இரவில் வலிக்கும். மலேரியாவும் பேதியும் ஆளைத் தின்ற காலம் அது. அபின் புகைத்தால் காய்ச்சல் அண்டாது என்று நம்பினார்கள். பல லம்பங்களில் அரிசி, எண்ணெய், அபின் மூன்றையும் தவுக்கேயே கடனாகக் கொடுத்துவிட்டு, கணக்கு முடிக்கும் நாளில் கூலியில் கழித்துக்கொள்வார். ஈயத்தின் விலை விழுந்தாலும் அபினில் அவருக்கு நட்டம் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் பணம் சேர்த்து ஊர் திரும்புவோம் என்று மனைவி மக்களிடம் சொல்லிவிட்டு வந்தவன் கடன் தீராமல் இங்கேயே கிடப்பான். சீனத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம் வராத பணத்துக்காகக் காத்திருக்கும். குழாயில் எரிந்து மிஞ்சிய கசடைக்கூட வீணாக்கவில்லை. அதையும் சுரண்டி எடுத்து மறுபடி விற்றார்கள். நல்ல சண்டு வாங்க வழியில்லாத பரம ஏழைகளுக்கு அது.

இதில் அரசாங்கத்தின் பங்கு என்ன? பினாங்கும் சிங்கப்பூரும் தீர்வையில்லாத் துறைமுகங்கள். வருமான வரி என்று ஒன்று அப்போது இல்லை. பிறகு சாலை போட, அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்க, மருத்துவமனை நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. பாதி! ரிக்‌ஷாக்காரன் ஊதிய புகையில்தான் அவன் வண்டி இழுத்த சாலையே போடப்பட்டது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு ஆகாது.

இந்த இடத்தில் நம்மவர் கதையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சீனக் கூலிக்கு அபின் என்றால் தமிழ்க் கூலிக்குக் கள். தோட்டத்துக் கள்ளுக்கடையும் உரிமம் பெற்று, சட்டப்படி நடந்ததுதான். சம்பள நாளன்று கடைவாசலில் போய் நின்று, தாத்தா உள்ளே நுழைவதற்குள் அரிசிக் காசைப் பிடுங்கிக்கொண்டு வந்த கதையை என் பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் சிரிப்பது எனக்கு இன்றும் புரிவதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் அவர்களே கேட்டார்கள். குடிகாரக் கூலிகள் என்று நம்மை ஏளனம் செய்தவர்கள் இதை நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை.

சரி, வூ லியன் தேயிடம் திரும்புவோம்.

சிங்கப்பூரின் டாக்டர் லிம் பூன் கெங், வழக்கறிஞர் சோங் ஓங் சியாங் ஆகியோர் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். லிம் பூன் கெங் அவருக்குச் சகலையும் கூட. பெண்களுக்குக் கல்வி வேண்டும், சூதாட்டம் ஒழிய வேண்டும், அபின் ஒழிய வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்த கூட்டம் அது. நண்பர்களோடு சேர்ந்து வூ பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1906இல் நாடு தழுவிய அபின் எதிர்ப்பு மாநாடு ஒன்றையும் கூட்டினார். சுமார் 2,000 பேராளர்கள் வந்தார்கள். அவருக்கு அப்போது வயது 27. நம் பட்டமளிப்பு வயதுக்குச் சற்றே மேல்.

அவர் எதிர்த்தது வெள்ளைக்காரனை மட்டும் அல்ல. குத்தகை எடுத்த தவுக்கேக்கள் அவருடைய சொந்தச் சமூகத்தின் பெரிய மனிதர்கள். கோயில் கட்டியவர்கள், பள்ளிக்குக் கொடுத்தவர்கள், திருமணங்களில் முன்வரிசையில் அமர்பவர்கள். அவர்களுடைய வருமானத்தில் கைவைத்த பொற்கொல்லரின் மகனை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டுகளில் காற்று அபினுக்கு எதிராக வீசத் தொடங்கியிருந்தது. 1906 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் அவை, இந்திய அபின் வணிகம் அறத்துக்குப் புறம்பானது என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சீனப் பேரரசு பத்தாண்டில் அபினை ஒழிப்பதாக ஆணையிட்டது. மலாயாவில் ஒரு வினோதமும் நடந்தது. காட்டுக்கொடி ஒன்றின் இலையை வறுத்துக் காய்ச்சிக் குடித்தால் அபின் பழக்கம் விட்டுப்போகும் என்ற செய்தி பரவியது. கோலாலம்பூரிலும் மற்ற ஊர்களிலும் அந்தக் கஷாயத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் போத்தலோடு வரிசையில் நின்றார்கள். பின்னர் ஆராய்ந்தபோது இலையில் தனிச் சக்தி எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் கஷாயம் கொடுத்த முறை கவனிக்கத்தக்கது. முதல் போத்தலில் அவனவன் வழக்கமாகப் பிடிக்கும் அபினைக் கலப்பார்கள். ஒவ்வொரு வேளை குடித்ததும் அந்த அளவுக்கு இரண்டாவது போத்தலிலிருந்து வெறும் கஷாயத்தை ஊற்றி நிரப்புவார்கள். ஆக, நாளுக்கு நாள் அபின் குறைந்துகொண்டே வரும். படிப்படியாக அளவைக் குறைப்பது இன்றும் மருத்துவம் ஏற்கும் வழிதான். எனக்கு அந்த வரிசைதான் மனத்தில் நிற்கிறது. அபின்காரனுக்கு விட மனமில்லை என்று சொன்னவர்கள் அந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி ஓர் இயக்கம் வளர்ந்தால், வருவாயை நம்பி இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? 1907இல் ஒரு நாள் அதிகாரிகள் சோதனை ஆணையோடு வூவின் மருந்தகத்துக்குள் நுழைந்தார்கள். அலமாரியில் ஓர் அவுன்ஸ் அபின் சாராயக் கரைசல் இருந்தது. வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அக்கால மருத்துவர்கள் சாதாரணமாகக் கொடுத்த மருந்து அது. உரிமமின்றி வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

இதை வாசித்தபோது என்னால் சிறிது நேரம் மேலே போக முடியவில்லை. அதே பினாங்கில், அதே நாளில், கடைகளில் சண்டுப் பொட்டலம் வெளிப்படையாக விற்றுக்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக இறக்கியவன் வணிகன். அதில் பங்கு வாங்கியது அரசாங்கம். ஓர் அவுன்ஸ் மருந்து வைத்திருந்த மருத்துவர் குற்றவாளி.

அரசாங்கம் 1907இல் அபின் பற்றி விசாரிக்க ஓர் ஆணையமும் அமைத்தது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை, தீங்கு மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது, பெரும்பாலோர் அளவோடுதான் புகைக்கிறார்கள், தடை தேவையில்லை என்றது. அதற்குப் பதிலாக வணிகத்தை அரசே எடுத்து நடத்தலாம் என்றது. 1910 முதல் அப்படியே ஆயிற்று. குத்தகைதாரர் போனார், அவர் இடத்தில் அரசாங்கமே சண்டு காய்ச்சி விற்றது.

பெயர் கெட்டு, மனம் நொந்திருந்த வூவுக்குச் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. யுவான் ஷிகாய் என்ற பெருந்தலைவர் தியன்ஜின் நகரிலிருந்த பேரரசு இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராக வரும்படி கேட்டிருந்தார். 1908இல் வூ கிளம்பினார். மாண்டரின் மொழியே அவர் அங்கே போய்த்தான் முறையாகக் கற்றார். தாய்நாட்டில் பதவி கிடைக்காத சீனர், சீனாவில் சீனம் தெரியாத சீனர். நம்மில் சிலருக்கு இந்த நிலை அந்நியமாகத் தோன்றாது.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் வட்டாரத்தில் மர்மமான காய்ச்சல் ஒன்று மக்களைக் கொன்று குவித்தது. இரத்தம் கக்கி, ஓரிரு நாளில் இறந்தார்கள். தப்பியவர் எவரும் இல்லை. டிசம்பர் 24ஆம் நாள் வூ ஹார்பினில் இறங்கினார். வயது 31. மூன்று நாளில், இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை இரகசியமாக அறுத்துச் சோதித்துக் கொள்ளைநோய்க் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமல், மூச்சுக்காற்று வழியே மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகப் பரவுகிறது என்று முடிவுக்கு வந்தார். பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அவரே அந்த நோய்க்குப் பலியானார். அதன்பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

சரக்கு ரயில் பெட்டிகளைத் தனிமைப்படுத்தும் இடமாக மாற்றினார்கள். பயணங்களைத் தடுத்தார்கள். மண் உறைந்து குழி தோண்ட முடியாததால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் இடுகாட்டில் அப்படியே கிடந்தன. முன்னோரின் உடலை எரிப்பது சீன மரபில் பெரும்பாவம். பேரரசரின் ஒப்புதலை வாங்கி, 1911 ஜனவரி இறுதியில், சீனப் புத்தாண்டை ஒட்டி, அவற்றை எரித்தார் வூ. மார்ச் 1ஆம் நாள் ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த கொள்ளைநோயை அவர் அந்த ஊரில் எழுபது நாளுக்குள் நிறுத்திவிட்டார்.

இந்த மனிதர் எழுபது நாளில் கொள்ளைநோயை நிறுத்தினார். அபினை நிறுத்த எத்தனை நாள் ஆயிற்று? 1906இல் மாநாடு கூட்டினார்; மலாயாவில் அபின் சட்டவிரோதமானது 1946இல். நாற்பது ஆண்டுகள். அபின் கொள்ளைநோயைவிடக் கொடிய கிருமி என்பதாலா? கொள்ளைநோயால் இலாபம் அடைந்தவர் எவரும் இல்லை என்பதால் என்றே நான் நினைக்கிறேன். வணிகர் முதல் மன்னர் வரை எல்லாரும் அது போக வேண்டும் என்றே விரும்பினார்கள். பாவம் என்று கருதிய காரியத்துக்குக்கூடப் பேரரசர் ஒப்பினார். அபின் போக வேண்டும் என்று சொன்னவர்களில் பலருக்கு அது இன்னும் ஓர் ஆண்டு இருந்துவிட்டுப் போவதில் நன்மை இருந்தது.

ஹார்பின் வெற்றிக்குப் பிறகும் அவர் அபினை மறக்கவில்லை. 1911இன் இறுதியில் ஹேக் நகரில் கூடிய அனைத்துலக அபின் மாநாட்டுக்குச் சீனாவின் பேராளர்களுள் ஒருவராகப் போனார். 1912 ஜனவரியில் அங்கே கையெழுத்தான உடன்படிக்கையே போதைப்பொருள் பற்றி உலகம் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை. இன்றைய அனைத்துலகச் சட்டங்களின் வேர் அது.

1919 ஜனவரியில் சாங்ஹாயில் அவர் கண்ட காட்சி வேறு எவருக்கும் வாய்த்திருக்காது. வெளிநாட்டு வணிகர்களிடம் மிஞ்சிக் கிடந்த அபினைச் சீன அரசாங்கம் விலைக்கு வாங்கியிருந்தது. அதை மருந்து என்ற பெயரில் விற்கப் பார்க்கிறார்கள் என்று ஊரே கொதித்ததால், எல்லாவற்றையும் எரித்துவிட அதிபர் ஆணையிட்டார். மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டவர்களில் வூவும் ஒருவர். 1,200க்கும் மேற்பட்ட பெட்டிகள். ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்து நெருப்பில் போட்டார்கள். ஓர் அவுன்ஸுக்காகத் தண்டிக்கப்பட்ட மனிதர் அந்த நெருப்பின் முன்னால் நின்றபோது பினாங்கு நீதிமன்றத்தை நினைத்திருப்பாரா?

ஆனால் அந்த நெருப்போடு கதை முடியவில்லை. நாடு போர்ப்பிரபுக்களின் கைக்குப் போயிருந்தது. படைக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். பணத்துக்குக் கசகசா வேண்டும். நெல் விளைந்த நிலத்தில் அபின் பயிரிட விவசாயிகளைக் கட்டாயப்படுத்தினார்கள். இன்னொரு பக்கம் ஐரோப்பாவின் தொழிற்சாலைகளில் செய்த மார்பின் ஜப்பான் வழியாகச் சீனாவுக்குள் கொட்டியது. ஊசி மருந்து, அபின் குழாயைவிட மலிவு, மறைக்க எளிது. அபினை விட்டுவிட மருந்து என்று சொல்லியே அதை விற்றவர்களும் இருந்தார்கள். மார்பின் வணிகத்தைக் கண்டித்து வூ எழுதினார். ஒரு கதவை அடைத்தால் வேறொரு கதவு திறந்துகொண்டது.

அவருடைய மற்றப் பணிகளை விரித்தால் இந்த மலர் போதாது. 1915இல் சீன மருத்துவச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். மஞ்சூரியாவில் 1920இல் கொள்ளைநோய் மீண்டும் தலைகாட்டியபோது இறப்பு ஒன்பதாயிரம் அளவில் நின்றுவிட்டது. 1930இல் தொடங்கிய தேசியத் துறைமுகத் தனிமைப்படுத்தும் சேவைக்கு முதல் இயக்குநர் ஆனார். 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1937இல் ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்தபோது, முப்பதாண்டு உழைப்பை விட்டுவிட்டு மலாயா திரும்பினார்.

வந்தவர் பெரிய பதவி எதையும் தேடவில்லை. ஈப்போவில் ப்ரூஸ்டர் சாலையில் சாதாரண மருத்துவராகக் கடை திறந்தார். இன்று அந்தச் சாலையின் பெயர் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்க வந்த லம்பக்காரர்களில் எத்தனை பேருக்கு இவர் யார் என்று தெரிந்திருக்கும்?

நாடு ஜப்பானியர் கைக்குப் போனபிறகும் அபின் நிற்கவில்லை. விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது; விற்பவர் மட்டும் மாறியிருந்தார். வூவுக்கு அந்த ஆண்டுகள் கொடுமையானவை. 1943இல் மலாயாவின் இடதுசாரி எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துச் சென்று பணயத்தொகை கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டால், எதிரிக்குப் பண உதவி செய்தாய் என்று ஜப்பானியர் விசாரணைக்கு இழுக்கப் பார்த்தார்கள். அவரிடம் வைத்தியம் பார்த்துக் குணமான ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தப்பினார்.

அதே 1943இல்தான், நாட்டை மீட்டபின் அபின் வணிகத்தைத் தொடரமாட்டோம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. போர் முடிந்து திரும்பியதும் 1946இல் தடை வந்தது. வூவுக்கு வயது 67. கொண்டாட்டம் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் அரசாங்கத்திடமே உரிமத்தோடு வாங்கிப் புகைத்த கிழவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்களுக்குச் சண்டு விற்றவர்கள்மீது வழக்கு ஏதும் இல்லை.

கடைசி ஆண்டுகளில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூல் 1959இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. எண்பது வயதில் ஈப்போ மருந்தகத்தை விட்டு, பிறந்த ஊரான பினாங்கில் ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். அந்த வீட்டில் நெடுநாள் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1960 ஜனவரி 21ஆம் நாள் காலமானார். பினாங்கு ஃப்ரீ பள்ளிக்கு அருகே ஒரு குடியிருப்புப் பகுதிக்கும், ஈப்போ கார்டன் சவுத்தில் ஒரு சாலைக்கும் அவர் பெயர் இருக்கிறது. அவருடைய நூலின் தலைப்பு அவரைக் கொள்ளைநோயோடு போரிட்டவர் என்றே சொல்கிறது. அபராதம் கட்டிய கதை உள்ளே இருக்கிறது.